பத்துமலை நடந்தவனுக்குப் பழநி நடை பெரிய காரியமா?

17 ஆகஸ்ட் 2025, கோலாலம்பூர் செத்தாப்பாக் தம்பியின் கேள்வி

ஒவ்வோர் ஆண்டும் மகாமாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதத்தோடு பத்துமலை வரை வெறுங்காலுடன் நடக்கிறேன். சுமார் 15 கிலோமீட்டர். அதன்பின் 272 படிகள். வருகிற தைப்பூசத்துக்கு (2026 பிப்ரவரி 1) காரைக்குடியிலிருந்து பழநிக்கு நடப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன். 160 கிலோமீட்டருக்கு மேல் வரும் என்கிறார்கள். கணக்குப் பார்த்தால் பத்துமலைக்குப் பதினொரு தடவை நடப்பதுதானே? பழகிய காலுக்கு இது பெரிய காரியமா? என்ன பை, என்ன செருப்பு, என்னென்ன வாங்க வேண்டும்?

17 ஆகஸ்ட், இரவு

கணக்கு சரி. கால்தான் கணக்குப் பார்க்காது, தம்பி.

பத்துமலை ஒரே இரவு. ஊரே உடன் வருகிறது. ஜாலான் ஈப்போ நெடுக நாலடிக்கு ஒரு தண்ணீர்ப் பந்தல், உறுமி மேளம், கூட்டம் தள்ளுகிற வேகம். மறுநாள் மத்தியானம் வரை தூங்கலாம், அடுத்த நாள் எம்.சி. (மருத்துவ விடுப்பு) கூடப் போடலாம். பழநி நடையில் முதல் நாள் எல்லோரும் வீரர்கள். இரண்டாம் நாள் விடியற்காலை மூன்று மணிக்கு யாரோ தோளைப் பிடித்து உலுக்குவார்கள். நேற்று வீங்கிய காலைத் தரையில் ஊன்றும்போதுதான் உண்மையான நடை ஆரம்பிக்கிறது.

நாளுக்கு 25 கிலோமீட்டர் வைத்தால் ஏழு நாள் ஆகும். ஆகவே 160 நடக்க முடியுமா என்று கேட்காதீர்கள். 25 நடந்த காலோடு மறுநாளும் 25 நடக்க முடியுமா என்று பாருங்கள். சனிக்கிழமை விடியலில் மாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலை, அங்கிருந்து திரும்பியும் நடை. ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அதே. முடியாமல் போனால் பத்துமலையில் கொமுட்டர் ரயில் நிற்கிறது, ஏறிச் செந்தூலிலோ கே.எல். சென்ட்ரலிலோ இறங்கிக்கொள்ளுங்கள், யாரும் கேட்கப் போவதில்லை. பை வாங்கும் பேச்சு அதற்குப் பிறகு.

19 ஆகஸ்ட்

செருப்பைப் பற்றி மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது பழக நாளாகும்.

கடைக்குச் சாயங்காலம் போங்கள். காலையில் இருக்கிற கால் வேறு, நாள் முழுக்க நின்ற பிறகு இருக்கிற கால் வேறு. நான் தையல்காரி, பெடலோடு பெடலாக உட்கார்ந்திருப்பவள், எனக்கே மாலையில் கால் ஒரு சுற்றுப் பெரிதாகிவிடும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். ‘போகப் போக விரிந்து கொடுக்கும்’ என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். விரிந்து கொடுக்கப் போவது உங்கள் நகம்.

நான் இரண்டு வகை எடுத்துப்போவேன். நடைக்கு இலேசான ஷூ. இரவில் தங்கும் இடத்துக்கும் கழிவறைக்கும் ரப்பர் சிலிப்பர். பின்பட்டை வைத்த சாண்டல் போதும் என்பவர்களும் உண்டு. அதில் பொடிக்கல் உள்ளே வந்தாலும் உதறினால் போய்விடும். எனக்குப் பட்டை உரசும் இடத்தில் தோல் உரிந்துவிடுகிறது, அதனால் ஷூ.

காலுறை விஷயத்தில் தொழில்காரியாக ஒன்று. விரல் நுனியில் ஓடும் தையலைத் தடவிப் பாருங்கள். கயிறு மாதிரி தடித்திருந்தால் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். பார்ப்பதற்கு அசிங்கம், விரலுக்குச் சொர்க்கம். சுத்தப் பருத்திக் காலுறை வேண்டாம். பருத்தி வியர்வையைக் குடித்துக்கொண்டு அப்படியே ஈரமாக இருக்கும். ஈரத் தோலும் உராய்வும் சேர்ந்தால் கொப்புளம். விளையாட்டுக்காரர்கள் போடும் செயற்கை நூல் காலுறையில் மூன்று ஜோடி போதும். ஒன்று காலில், ஒன்று பையில், ஒன்று துவைத்துப் பைக்கு வெளியே ஊக்குக் குத்திக் காய்கிறபடி.

24 ஆகஸ்ட்

பட்டர்வொர்த் ஐயா கோபித்துக்கொண்டார். நேர்த்திக்கடனுக்கு நடப்பவன் ஷூ போடலாமா என்கிறார். நகரத்தார் காவடி குன்றக்குடியிலிருந்து புறப்பட்டுப் பழநி போய், திரும்பியும் நடந்தே வருகிறது, அவர்கள் காலில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார்.

நியாயமான கேள்வி. ஆனால் அவர்கள் தலைமுறை தலைமுறையாக நடக்கிறவர்கள். எங்கே தங்குவது, எந்த நேரத்தில் கிளம்புவது, யார் சமைப்பது எல்லாம் அவர்களுக்குள் வகுத்து வைத்த ஒழுங்கு. அந்த ஒழுங்கை விட்டுவிட்டு வெறுங்காலை மட்டும் கடன் வாங்கினால் எப்படி? பினாங்குக்காரரான அவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வெள்ளி ரதத்தை 1894இல் கப்பலில் கொண்டுவந்து, இன்றுவரை வரிசை தப்பாமல் நடத்துகிறவர்கள் அவர்கள்.

வெறுங்கால்தான் வேண்டுதல் என்றால் யாரும் தடுக்க முடியாது. வழி மட்டும் சொல்கிறேன். காலை ஒன்பதரைக்கு மேல் தாரில் கால் வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டுமானால் சாலை ஓரத்தில் வெள்ளைக் கோடு போட்டிருக்கிறார்களே, அதன் மேல் நடங்கள். தார் கொதிக்கும்போதும் அந்தக் கோடு சூடு குறைவாக இருக்கும். வெறுங்காலில் போகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராக அந்த நாலங்குலக் கோட்டில் போவதை அங்கே பார்க்கலாம்.

ஒன்றே ஒன்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்கள் வெறுங்காலில் நடக்கக் கூடாது. நம் நாட்டில் பெரியவர்களில் ஆறு பேருக்கு ஒருவர் என்ற அளவில் இருக்கிறது இந்த நோய். அதனால் இதைப் படிக்கிறவர்களிலும் கட்டாயம் சிலர் உண்டு. நரம்பு மரத்துப்போன காலுக்கு முள் குத்தியதும் தெரியாது, தார் சுட்டதும் தெரியாது. இரவில் காலைப் பார்க்கும்போது புண் இருக்கும். முருகன் காலைக் கேட்கவில்லை ஐயா, நடையைத்தான் கேட்டான்.

25 ஆகஸ்ட்

ஐயா பதில் போட்டிருக்கிறார். அவருக்கும் இனிப்புநீர் உண்டாம். சாண்டல் வாங்கிக்கொள்கிறாராம். ஆனால் தோல் சாண்டல் கிடையாது, விரதத்துக்கு ஆகாது, ரப்பர்தான் என்கிறார். சரி, ரப்பர்.

7 செப்டம்பர்

பை.

குழுவோடு போனால் பாய், படுக்கை, சமையல் சாமான் எல்லாம் வேனில் முன்னால் போய்விடும். இரவில் தங்கும் இடத்தில்தான் அதைக் கண்ணால் பார்ப்பீர்கள். சில இரவு அதுவும் தாமதமாகும். ஆகவே உடம்போடு ஒரு சிறு பை அவசியம். கடவுச்சீட்டு, பணம், மருந்து, தண்ணீர், மாற்றுக் காலுறை, கைலி. எடை நான்கு கிலோவுக்குள் நிற்கட்டும். வீட்டில் தராசில் வையுங்கள். கையில் தூக்கிப் பார்த்து ‘இலேசாகத்தான் இருக்கிறது’ என்கிறவர்கள் வழியில் நத்தம் ஊரைத் தாண்டுவதற்குள் யாருக்காவது சாமான்களைத் தானம் செய்துகொண்டிருப்பார்கள். நானே அப்படி வந்த குடை ஒன்றை வைத்திருக்கிறேன்.

கைலி என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன், நிறுத்திச் சொல்ல வேண்டிய சாமான் அது. ஆண்களுக்குப் பெலிக்காட் என்கிற கட்டம் போட்ட கைலி, பெண்களுக்குப் பத்தேக் என்கிற பூப்போட்ட கைலி. இரவில் போர்வை, குளிக்கும்போது மறைப்பு, உடை மாற்றும்போது கூடாரம், வெயிலில் தலைக்கு முக்காடு, மண்டபத் தரையில் விரிப்பு, காலையில் துண்டு. துண்டைத் தனியாக எடுத்துப்போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். அது காயவே காயாது.

பையின் தோள்பட்டை அகலமாக இருக்கட்டும். மெல்லிய நாடா வைத்த பை அழகாக இருக்கும், மூன்றாம் நாள் தோளில் சிவப்புக் கோடு போடும். என்னிடம் இருக்கும் இடுப்புப்பையை நானே தைத்தேன், பழைய ஜீன்ஸ் துணியில். கடவுச்சீட்டுக்கு உள்ளறை, அதற்குள் பிளாஸ்டிக் உறை. வியர்வை ஜீன்ஸைத் தாண்டும், நம்பாதீர்கள்.

8 செப்டம்பர்

விட்டுப்போனது: கோடாலித் தைலம். சின்ன சீசாவாக ஒரு டஜன். உங்களுக்கு ஒன்று போதும். மலேசியாவிலிருந்து வந்திருக்கிறீர்கள் என்று தெரிந்த மறுநிமிடம் மிச்சம் பதினொன்றுக்கும் ஆள் வந்துவிடும்.

28 செப்டம்பர்

செத்தாப்பாக் தம்பி சனி, ஞாயிறு இரண்டு நாளும் நடந்துவிட்டு எழுதியிருக்கிறார். சனிக்கிழமை பாட்டுக் கேட்டுக்கொண்டே நடந்தாராம். ஞாயிற்றுக்கிழமை பத்துமலை வரை போய், திரும்புவதற்குக் கொமுட்டர். இடது பெருவிரல் நகம் கறுத்துவிட்டது.

நல்ல செய்திதான். செப்டம்பரில் கறுத்த நகம் ஜனவரிக்குள் ஓரளவு தேறிவிடும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள், ஆனால் மூலையைத் தோண்டாதீர்கள். ஷூ ஒரு எண் பெரிதாக மாற்றுங்கள். படியிறங்கும்போது கால் முன்னால் சறுக்கி விரல் இடிக்கிறது என்றால் கணுக்கால் பக்கத்து நாடாவை இறுக்கிக் கட்ட வேண்டும், விரல் பக்கம் தளர்த்த வேண்டும். பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

இனி வாரா வாரம் இரண்டு நாள் வேண்டாம். வாரத்தில் மூன்று நாள் வேலைக்குப் போகும் முன் ஒரு மணி நேரம், தித்திவங்சா ஏரியைச் சுற்றினாலே போதும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அந்தச் சனி-ஞாயிறு சோதனை. மழையிலும் ஒரு நாள் நடந்து பாருங்கள், அக்டோபரில் கோலாலம்பூரில் அதற்குப் பஞ்சமிருக்காது. ஈர ஷூ எங்கே கடிக்கிறது என்று இங்கேயே தெரிந்துகொள்ளலாம்.

22 அக்டோபர்

தீபாவளிப் பலகாரம் தின்ற வயிற்றோடு எழுதுகிறேன். கிள்ளான் அக்கா கேட்ட கேள்விகளை யாரும் பொதுவில் கேட்க மாட்டார்கள், அதனால் அவருக்கு நன்றி. பெண்களுக்கான குறிப்பு இது. ஆண்களும் படிக்கலாம், மனைவிக்குச் சொல்ல வேண்டியிருக்கும்.

சேலை கட்டி நடக்கிறவர்கள் ஏராளம். பழக்கம் இருந்தால் சேலை, இல்லையென்றால் சுடிதார். எதுவானாலும் தொடை உராய்வுதான் பிரச்சினை. கொப்புளத்தை ஊருக்கே காட்டலாம், இதை யாரிடம் காட்டுவது? முட்டி வரை வரும், உடம்போடு ஒட்டிய உள்கால்சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். வாங்கும்போது திருப்பிப் பாருங்கள்: இரண்டு காலும் சேரும் இடத்தில் நாலு தையல் வந்து முட்டினால் அதுவே அறுக்கும். அந்த இடத்தில் தனியாக ஒரு சாய்சதுரத் துண்டு வைத்துத் தைத்திருந்தால் நல்லது. நான் வாடிக்கையாளர்களுக்கு அப்படித்தான் வைக்கிறேன். கிளம்புவதற்கு முன் வாசலின் தடவிக்கொள்ளுங்கள், தாராளமாக. ஆண்களுக்கும் இதே வைத்தியம்தான், ஆனால் அவர்கள் மூன்றாம் நாள் கால்களை அகட்டி நடக்கத் தொடங்கிய பிறகுதான் ஒப்புக்கொள்வார்கள்.

கழிவறை. பெட்ரோல் நிலையங்கள், கல்யாண மண்டபங்கள், கோயில்கள். இரண்டு ஊருக்கு நடுவில் எதுவும் இல்லாத நீளங்கள் உண்டு. இருட்டில் நாலைந்து பெண்களாகச் சேர்ந்து போவதும், கைலியைச் சுற்றிப் பிடித்துக்கொள்வதும்தான் நடைமுறை. இதற்குப் பயந்துகொண்டு தண்ணீர் குடிக்காமல் நடக்கிறார்கள் பாருங்கள், அது வேண்டவே வேண்டாம். நீர்க்கடுப்பு வந்தால் ஒவ்வோர் அரை மணிக்கும் இடம் தேட வேண்டியிருக்கும், காய்ச்சலும் கூட வரும்.

மாதவிலக்குச் சமயத்தில் நடக்கலாமா என்றும் அக்கா கேட்டிருக்கிறார். அவரவர் வீட்டு வழக்கம், அதில் நான் மூக்கை நுழைக்கவில்லை. தேதியை முன்கூட்டிக் கணக்குப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்பது மட்டும்.

உடையின் நிறம்: நம் ஊரில் மஞ்சள் கடல். அங்கே பெரும்பாலும் பச்சையும் காவியும். மஞ்சளில் போனால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், தூரத்திலிருந்தே உங்கள் குழுவுக்கு அடையாளம் தெரியும். அதுவும் ஒரு வசதி.

9 நவம்பர்

வழி கேட்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். காரைக்குடி, குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, கொட்டாம்பட்டி, நத்தம், கோபால்பட்டி, திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி, ஆயக்குடி, பழநி. வழி தவற வாய்ப்பே இல்லை. தை பிறந்தால் முன்னால் ஒரு கூட்டம், பின்னால் ஒரு கூட்டம்.

குன்றக்குடியில் சண்முகநாதரைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது வழக்கம், மலை சின்னது, விட்டுவிடாதீர்கள். நத்தத்திலிருந்து திண்டுக்கல் வரை ஒருபக்கம் சிறுமலை கூடவே வரும், விடியும்போது அழகு. திண்டுக்கல்லுக்குள் நுழையும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலுக்காகச் சொல்லவில்லை. மத்தியானம் பிரியாணிக் கடைகளின் தம் உடைக்கிற வாசனையில், மாலை போட்டு விரதம் இருப்பவன் படும் பாடு இருக்கிறதே, அது வேறு எந்தக் கிலோமீட்டரிலும் கிடையாது.

திண்டுக்கல்லிலிருந்து பழநி சுமார் 60 கிலோமீட்டர். அங்கே பல இடங்களில் சாலையோரம் யாத்திரைக்காரர்களுக்கென்று தனி நடைபாதை போட்டிருக்கிறார்கள். கல் பெயர்ந்த இடமும் கடை பரப்பிய இடமும் வரும்போது மறுபடி சாலைக்கே இறங்க வேண்டும். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை பெரியது. இரவெல்லாம் லாரி ஓடும். இந்த நடையில் நான் உண்மையாகப் பயந்தது அந்த லாரிகளுக்கு மட்டும்தான்.

அதனால் ஒளிப்பட்டை. மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும், வெளிச்சம் பட்டால் மின்னும். வழியில் காவல்துறையினரும் ஒட்டிவிடுவார்கள், அதையே நம்பிக்கொண்டு போக வேண்டாம். பையின் முதுகில் மட்டும் ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே, ஆடையின் விளிம்பில் தைத்துவிடுங்கள். நடக்கும்போது அது ஏறி இறங்கும். அசைகிற வெளிச்சம் ஓட்டுநர் கண்ணில் உடனே படும். ஒட்டுவது வியர்வையில் உரிந்துவிடும், தைப்பதே நிற்கும். செந்தூல் பக்கம் இருப்பவர்கள் துணியைக் கொண்டுவாருங்கள், தைத்துத் தருகிறேன், காசு வேண்டாம்.

எந்தப் பக்கம் நடப்பது? தனி நடைபாதை இல்லாத இடத்தில் வலது பக்கம், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி. அங்கேயும் நம் ஊர் போல வண்டி இடப்பக்கம்தான் ஓடுகிறது. ஆனால் கூட்டம் முழுவதும் இடது பக்கமாகப் போனால் நீங்கள் மட்டும் தனியாக வலது பக்கம் போகாதீர்கள், கூட்டத்தோடு போங்கள். விதி என்பது கூட்டம் இல்லாதபோது.

நாய்கள் உண்டு. கல்லெடுக்காதீர்கள், ஓடாதீர்கள், கையில் ஒரு கோல் இருந்தால் போதும். கடித்துவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேராக அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போடுங்கள். நடை அடுத்த ஆண்டும் இருக்கும்.

30 நவம்பர்

ஒரு மாதமாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். தைப்பூசத்தன்றே பழநியில் இருக்க வேண்டுமா?

அன்று அங்கே இருந்தால் பெரியநாயகி அம்மன் கோயில் தேரைப் பார்க்கலாம், அந்த மக்கள் வெள்ளத்தில் நிற்கலாம். ஆனால் அதே நாளில்தானே இங்கே பத்துமலை. தம்பி ஒவ்வோர் ஆண்டும் ரதத்தோடு நடக்கிறவர். பொங்கல் ஜனவரி 15. அது முடிந்த கையோடு காரைக்குடியில் கிளம்பினால், நிதானமாக நடந்தாலும் 24ஆம் தேதி வாக்கில் மலை ஏறிவிடலாம், வீட்டுக்கும் வந்துவிடலாம், ரதத்துக்கும் கால் இருக்கும். கூட்டம் குறைவு, தங்க இடம் எளிது, தரிசன வரிசையும் சின்னது.

இதை எழுதி முடித்ததும் மனம் மறுபக்கம் பேசுகிறது. தைப்பூசத்துக்கு முந்தைய கடைசி வாரத்தில்தான் வழி முழுக்க அன்னதானப் பந்தல் நிறைந்திருக்கும். இட்லி, பொங்கல், சுண்டல், நீர்மோர், சுக்குக் காபி என்று யாராவது கையைப் பிடித்து இழுத்து உட்காரவைப்பார்கள். கால் வலிக்கிறது என்றால் முன்பின் தெரியாத பாட்டி எண்ணெய் தேய்த்துவிட வருவார். முன்னதாகப் போனால் இதில் பாதிதான். சில இடங்களில் கடையில் வாங்கித்தான் சாப்பிட வேண்டும். அந்த உபசாரத்தை இழந்துவிட்டு நடப்பதில் என்ன இருக்கிறது என்றும் தோன்றுகிறது.

முதல் தடவை போகிறவருக்கு நான் கடைசி வாரத்தைத்தான் சொல்வேன். பத்துமலை ஓர் ஆண்டு காத்திருக்கும். அடுத்தடுத்த தடவைக்கு முன்னதாகப் போகலாம். தம்பி, முடிவு உங்களுடையது. ஆனால் விமான டிக்கெட் விலை உங்களுக்காகக் காத்திருக்காது, இந்த வாரமே முடித்துவிடுங்கள்.

கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் இருக்கிறது, நான்கு மணி நேரம். சென்னை, மதுரை என்று சுற்ற வேண்டாம். திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே இருப்பதால் ஊருக்குள் போகாமல் அப்படியே புதுக்கோட்டை வழியாகக் காரைக்குடிக்குப் போய்விடலாம். இ-விசாவைப் பயண முகவரிடம் விடாமல் அரசாங்க இணையத்தளத்திலேயே நீங்களே போடுங்கள். என் பெயரில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டு, ‘பரவாயில்லை அக்கா, பார்க்க மாட்டார்கள்’ என்று சொன்ன ஒரு முகவரை நான் சந்தித்திருக்கிறேன். கடவுச்சீட்டில் உள்ளபடி ஒவ்வோர் எழுத்தும் இருக்க வேண்டும். ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) விஷயத்தில் இரண்டு முறை பாருங்கள்.

14 டிசம்பர்

மருந்துப் பை. தினமும் சாப்பிடும் மருந்து நடை நாளுக்குரியதை விட ஒரு வாரம் அதிகமாக, டப்பா மாற்றாமல், மருத்துவர் சீட்டோடு. கைப்பையில் வையுங்கள், பெட்டியில் அல்ல.

கொப்புளம்: சின்னதாக, வலிக்காமல் இருந்தால் தொடாதீர்கள், மேலே பிளாஸ்திரி ஒட்டிவிட்டு நடங்கள். ஊன்ற முடியாத அளவு பெரிதானால் சுத்தம் செய்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வெளியேற்றுங்கள். மேல்தோலை உரித்துவிடாதீர்கள், அதைவிட நல்ல கட்டு கிடையாது. தையல்கார ஊசி என்பதால் என்னிடம் எல்லோரும் காலை நீட்டுவார்கள். இனிப்புநீர்க்காரர்கள் என்னிடம் நீட்ட வேண்டாம், மருத்துவ முகாமுக்குப் போங்கள். புதிதாகக் கொப்புளம் கிளம்பும்போது ஓரிடம் ‘சுருக் சுருக்’ என்று சூடாகும். அப்போதே உட்கார்ந்து பிளாஸ்திரி போடுகிறவன் ஊர் போய்ச் சேருவான். ‘அடுத்த பந்தலில் பார்த்துக்கொள்ளலாம்’ என்பவன் வேனில் போவான்.

தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே நடந்தால் போதாது, உப்பும் போக வேண்டும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கையில் இல்லாவிட்டால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் சர்க்கரை மட்டமாக ஆறு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. பந்தல்களில் உப்புப் போட்ட நீர்மோர் கிடைத்தால் இதெல்லாம் எதற்கு?

வலி மாத்திரை: தேவைப்பட்டால் பாராசிட்டமால். கடையில் கேட்டால் வலுவாக இருக்கட்டும் என்று இபுப்ரோஃபன், டிக்ளோஃபினாக் என்று கொடுப்பார்கள். உடம்பில் நீர் வற்றிய நேரத்தில், வெறும் வயிற்றில் அவற்றைப் போட்டால் வயிற்றுக்கும் ஆகாது, சிறுநீரகத்துக்கும் ஆகாது. மரத்துப்போன வலியோடு நடந்தால் எது கெடுகிறது என்றும் தெரியாது.

2 ஜனவரி 2026

குளிர். இதை யாரும் நம்ப மாட்டார்கள். தமிழ்நாட்டில் குளிரா என்று தம்பி சிரிக்கிறார். தை மாதம் விடியற்காலை மூன்று மணி, திண்டுக்கல் பக்கம், 20 பாகையோ அதற்கும் கீழோ இறங்கும். பனி பெய்யும். உள்ளூர்க்காரர்கள் காதை மூடித் துண்டு கட்டியிருப்பார்கள். வியர்த்த உடம்போடு திறந்த மண்டபத்தில் படுத்தால், அந்தக் குளிரைப் பார்த்தறியாத நம் உடம்பு நடுங்கும். ஸ்வெட்டர் வேண்டாம், மெல்லிய காற்றுத்தடுப்புச் சட்டை ஒன்று, தலைக்கும் காதுக்கும் துணி ஒன்று. செப்டம்பரில் கைலியே போர்வை என்று எழுதினேன். இரண்டு கைலி என்று படித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காற்று வறண்டது என்பதும் உண்டு. நம் ஈரக் காற்றில் வளர்ந்த குதிகால் அங்கே நாலாம் நாளே வெடிக்கும். இரவில் கழுவித் துடைத்துவிட்டு வாசலினோ தேங்காயெண்ணெயோ தடவிக் காலுறை போட்டுப் படுங்கள்.

பணம்: பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்கள். டீக்கடையில் எல்லோரும் கைப்பேசியைக் காட்டிப் பணம் கட்டுகிறார்கள், நம்மால் அது எளிதில் முடியாது. ஐந்நூறு தாளை நீட்டினால் கடைக்காரர் பெருமூச்சு விடுவார்.

மின்செருகி: நம் மூன்று சதுரக் கால் அங்கே நுழையாது, உருண்டைக் கால். இங்கிருந்தே மாற்றி வாங்கிப்போங்கள். மண்டபத்தில் நூறு பேருக்கு ஒரு செருகி என்பதால் பவர்பேங்க் வேண்டும், விமானத்தில் அது கைப்பையில்தான் போக வேண்டும்.

கைப்பேசி பழநி மலைக்கோயிலுக்குள் கூடாது, 2023 அக்டோபரிலிருந்து தடை. அடிவாரத்தில் வாங்கி வைக்கிறார்கள். குழுவில் ஒருவரையொருவர் தொலைத்துவிட்டால் எங்கே கூடுவது என்று ஏறும் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். படி ஏற முட்டி ஒத்துழைக்காவிட்டால் யானைப்பாதை இருக்கிறது, சரிவாகப் போகும். இழுவை ரயிலும் ரோப் காரும் உண்டு. ஆனால் விழா நாளில் அந்த வரிசையில் நிற்கும் நேரத்தில் தவழ்ந்தே ஏறிவிடலாம்.

3 ஜனவரி

பந்தல் வாசலில் கழற்றிவிட்ட ஷூ காணாமல் போனால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார் ஈப்போக்காரர் ஒருவர். பெரும்பாலும் திருட்டு அல்ல, இருட்டில் மாறிப் போவது. பின்பக்கக் காதில் பளிச்சென்ற ரிப்பன் ஒன்றைத் தைத்துவிடுங்கள். நான் ஊதா வைத்திருக்கிறேன். அப்படியும் போய்விட்டால் பட்டர்வொர்த் ஐயாவின் கட்சியில் சேர்ந்துகொள்ள வேண்டியதுதான்.

11 ஜனவரி

தம்பி கடைசி வாரத்தையே எடுத்திருக்கிறார், டிக்கெட் போட்டாயிற்று. ஐயாவும் அதே குழுவில். நேற்று இருவரும் ஒளிப்பட்டை தைக்கக் கடைக்கு வந்தார்கள். தம்பியின் பையை என் துணித் தராசில் வைத்தேன், ஆறு கிலோ. திறந்து பார்த்தால் மைலோ மட்டும் ஒரு கிலோ. அங்கே சுக்குக் காபி ஊற்றுகிறார்கள் என்று எத்தனை முறை எழுதுவது? மைலோவை நானே வைத்துக்கொண்டேன்.

வேல் கேட்டீர்கள். சின்ன வெண்கல வேலானாலும் கூர்முனை, கைப்பையில் விட மாட்டார்கள். துணியில் சுற்றிப் பெட்டியில் போடுங்கள். கோலும் அப்படியே, ஆனால் கோலை இங்கிருந்து தூக்கிக்கொண்டு போவானேன், காரைக்குடியில் வாங்கலாம்.

பஞ்சாமிர்தம் ஆளுக்கு எத்தனை என்று இப்போதே பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். பழநிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. விருப்பாச்சி மலைவாழை போட்டது, கோயில் கடையிலேயே வாங்குங்கள். அதுவும் பெட்டியில்தான், கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள். மூடியைச் சுற்றி ஒட்டுப்பட்டை, பிறகு இரண்டு பிளாஸ்டிக் பை, பிறகு அழுக்குத் துணிக்கு நடுவில். எனக்கு இரண்டு டப்பா.

12 ஜனவரி

மூன்று. மைலோவுக்கு ஈடாக.